வழி புகுந்தவர்

ஆமைக்குளம்
நான்காம் மானிக் நாள், சிப் மாதம் ஐந்து

அக்கா சக் நிக்குக்கு,

உப்புக்காரர்கள் இந்தப் பக்கம் இரண்டு முறை வந்து போய்விட்டார்கள். இரண்டு முறையும் உன்னிடமிருந்து ஒரு கோடு கூட இல்லை. அப்பா உன் வீட்டில் இருக்கிறார் என்பதையே கூடை சுமக்கிறவன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "உங்கப்பா ஆத்துமுனையில மக வீட்டுல ஜம்முனு இருக்காரு, முழங்கால்தான் வீங்கிக் கிடக்கு" என்றான். பெற்ற பிள்ளைக்குச் சேதி சொல்ல ஊரான் வேண்டியிருக்கிறது.

அவர் என் மேல் கோபித்துக்கொண்டு போனார், சரி. முற்றத்துக்கு ஒரு பாய் போட்டு ஊர் பேசும் பாய் வீட்டில் குளத்துப் பெரியவர்கள் கூடிய அன்று அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நம் முற்றத்தின் பாய் காலியாகக் கிடந்தால் பக்கத்து முற்றத்துக் கூக் அதில் காலை நீட்டிவிடுவான் என்று நான் போய் உட்கார்ந்தேன். அதற்கு என்ன பேச்சுப் பேசினார் தெரியுமா? "நான் இன்னும் சாகலடா, அதுக்குள்ள கிழக்கு வீட்டை அளக்கறியா" என்று உனிவ் முன்னாலேயே கேட்டார். என் பெண்டாட்டி முன்னால் நான் தலை குனிந்து நின்றேன்.

அதை விடு. இப்போது விஷயம் வேறு. குளத்தில் தண்ணீர் மூன்று படி இறங்கிவிட்டது. மழை வரும் அறிகுறியே இல்லை. குளத்துக்குத் தலைவரான கொடிக்காரர் முற்றம் முற்றமாக வந்து பார்க்கப் போகிறாராம். கிழக்கு வீட்டுத் தரைக்குக் கீழே தங்கள் முற்றத்துப் பெரியவரை வைத்திருக்கிறவர்கள் குளக்கரையிலேயே இருக்கலாம், தண்ணீர் வரிசையிலும் முன்னால் நிற்கலாம். தரை காலியாக இருக்கிறவர்கள் சுண்ணாம்பு மேட்டுக்குப் போக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது? கல்லும் ஓணானும்தான். நம் முற்றம் அப்பா தனியாகப் பிரிந்து வந்து கட்டியது. தாத்தா பெரியப்பா முற்றத்தில் படுத்திருக்கிறார், அம்மா அவள் அண்ணன் வீட்டில். நம் கிழக்கு வீட்டுத் தரைக்குக் கீழே மண்ணைத் தவிர யாரும் இல்லை.

தப்பாக நினைக்காதே. அப்பா நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் வயது ஆகிவிட்டது, கால் வேறு அப்படி இருக்கிறது. நாளைக்கே அங்கே அவர் வழி புகுந்துவிட்டால், அந்த நாட்டு மண்ணில் அவரை வைக்கவா? பிறத்தியார் முற்றத்திலா? நீயே யோசி. இந்தத் தடவை உப்புக்காரர்களோடு அவரை அனுப்பி வை. மெதுவாகக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மிளகாயும் கொஞ்சம் கொக்கோவும் அனுப்பியிருக்கிறேன்.

எக் மோ


ஆற்றுமுனை
இரண்டாம் எட்ஸ்நாப் நாள், சிப் மாதம் பதினாறு

தம்பி எக் மோவுக்கு,

மிளகாய் வந்தது. கொக்கோ பாதி வழியிலேயே யார் வயிற்றுக்கோ போய்விட்டது. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

முழுக்கக் கேட்டுவிட்டு, "கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்றார். கேட்டிருக்கிறானே என்றேன். "கேக்கல. கால் வீங்கியிருக்கு, அதனால சீக்கிரம் அனுப்புன்னு எழுதியிருக்கான். ரெண்டும் ஒண்ணாடீ?" என்றார். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. நாங்களும் இங்கே வந்து குடியேறினவர்கள்தான், எங்கள் தரையும் காலிதான். என் வீட்டுக்காரர் தோக் ஒரு நாளும் இல்லாத திருநாளாக மாமனாருக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கிறார். போன வாரம் கிழக்குப் பக்கத்து மேடையைச் சுண்ணாம்பு பூசி மெழுகினார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நீளம் பத்தாது. நான் காலை நீட்டிப் படுக்கிற ஆள்" என்றார். தோக் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் சிரித்து மாளவில்லை. சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. இருபது வருஷம் இந்த மனுஷன் கிண்ணம் வரைந்து நம்மை வளர்த்தார். இப்போது இரண்டு ஊரிலும் அவருக்குக் குழி அளந்துகொண்டிருக்கிறோம்.

உனக்கு இன்னொன்றும் சொல்லச் சொன்னார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கேக்க நாதியில்ல. சாகப் போறேன்னதும் ரெண்டு பக்கமும் பாய் விரிக்கிறாங்க. நான் சாகறதா இல்லன்னு எழுது." எழுதிவிட்டேன். அனுப்புகிற மாதிரி இல்லை. முழங்கால் பூசணிக்காய் அளவு இருக்கிறது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடிக்கிறது.

உனிவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

சக் நிக்


ஆமைக்குளம்
பதின்மூன்றாம் முலுக் நாள், சோட்ஸ் மாதம் ஏழு

அக்கா,

நீ சிரித்து அழுதுகொண்டு உட்கார்ந்திரு. இங்கே தலைக்கு மேல் வெள்ளம் போகிறது. வெள்ளம் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது, அப்படிக் காய்கிறது.

மேற்கே எரிந்துபோன ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சந்தைப் பக்கம் முழுக்க அவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். பஞ்சத்துக்குத் தின்கிற ஓஷ் மரத்துக் கொட்டையை வேகவைத்துத் தின்கிறார்கள். கொடிக்காரர் அவர்களை முற்றங்களில் காலியாக இருக்கிற பக்கங்களுக்குப் பிரித்துவிடப் போகிறார். நம் தெற்குப் பக்கம் வெறும் வான்கோழிப் பட்டிதான் என்று உனக்குத் தெரியும். கூக் தன் மூத்தவனுக்குக் கல்யாணம் செய்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று குளத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன எக் மோ, கிழக்கு வீட்டுல யாரைக் கும்பிடறீங்க? பல்லியையா?" என் குடம் கையிலேயே நின்றுவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். உனிவ் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

கொடிக்காரர் அடுத்த மாதம் வருகிறார். பாய் வீட்டில் அவரே வாய் திறந்து சொல்லிவிட்டார். சுண்ணாம்பு மேட்டில் தண்ணீருக்கு அரை நாள் நடக்க வேண்டும். சின்னவளுக்கு இப்போதுதான் பேதி நின்றிருக்கிறது. அவளை அங்கே கொண்டு போனால் மழைக்கு முன்னால் என்ன ஆகும் என்று நான் எழுத மாட்டேன்.

மேடையைச் சுண்ணாம்பு பூசுகிறார் உன் வீட்டுக்காரர்! எனக்கு எல்லாம் புரிகிறது. காய்ச்சல், கால் வீக்கம் என்று நாளைக் கடத்துகிறாய். அவர் உன் தரையில் படுத்தால் உனக்கு ஆற்றுமுனைப் பாய் வீட்டில் மூன்றாவது பாய் கிடைக்கும், அவ்வளவுதானே? மகள் வீட்டு மண்ணில் தகப்பனை வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? வெட்கமாக இல்லையா?

அவரை அனுப்பு. பல்லக்கு வைத்தாவது அனுப்பு. எப்படி வந்தாலும் சரி, வந்து சேர்ந்தால் போதும்.

எக் மோ


ஆற்றுமுனை
பதினோராம் அஹாவ் நாள், சோட்ஸ் மாதம் பதினெட்டு

தம்பி,

அப்பா இன்று விடியற்காலையில் வழி புகுந்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. உன் கடிதத்தைக் கேட்ட பிறகு யார் பேச்சையும் கேட்கவில்லை. தோக் வாசலில் உட்கார்ந்து அழுகிறார். ஓலைக்காரன் நிற்கிறான், ஓடுகிற அவசரத்தில் இருக்கிறான். மீதியை உப்புக்காரர்கள் வந்து சொல்வார்கள். இனி அவர் உன் பொறுப்பு. நீ கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷமா?

சக் நிக்


ஆமைக்குளம்
பத்தாம் ஏப் நாள், செக் மாதம் பத்து

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் கூரை மேல் இருந்தேன். இறங்கி வந்து படித்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. உனிவ்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்ததாகச் சொன்னாள்.

சந்தோஷமா என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டியவள்தான், கேள். நான் போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் அழித்துவிட முடிந்தால் அழித்துவிடுவேன். வெளியூரில் வழி புகுந்தவர்களுக்கு நம் பக்கம் செய்கிறபடியே எல்லாம் செய்தேன். அவர் இங்கே விட்டுப்போன பாயையும், பழைய ஊன்றுகோலையும், தூரிகைகளையும் சுருட்டிக் கட்டிக் கிழக்கு வீட்டுத் தரைக்குள் வைத்தேன். மேலே அவருடைய நல்ல கிண்ணத்தை, அந்தக் கொக்கு வரைந்தது, அடியில் துளை போட்டுக் கவிழ்த்தேன். துளை போடும்போது என் கை எழவில்லை. கூக்தான் வாங்கிப் போட்டான். அவன்தான் ஊரிலேயே சத்தமாக அழுதவன். எனக்கு அவனைப் புரியவே இல்லை.

ஆமைக்குளத்தார் அத்தனை பேரும் வந்தார்கள். குங்கிலியப் புகையில் யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. கொடிக்காரர் தரையில் தானே ஒரு கை மண்ணைத் தள்ளினார். "தூன் அயின் இங்க இருக்கார். இந்த முற்றம் குளத்துக்குச் சொந்தம்" என்று எல்லோர் முன்னாலும் அப்பா பெயரைச் சொன்னார். தண்ணீர் வரிசையில் நமக்கு நான்காவது இடம். சின்னவள் இரண்டு வாரத்துக்குப் பிறகு குளித்தாள்.

எலும்பு எடுக்கும் காலம் வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தோக் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் அழுதார் என்று எழுதியிருந்தாயே, அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அதையே எழுது.

எக் மோ


ஆற்றுமுனை
ஐந்தாம் அஹாவ் நாள், செக் மாதம் பதினெட்டு

அட பாவி! பாவி! பாவி!

உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கிண்ணம் கவிழ்த்துவிட்டாயே! அப்பா சாகவில்லையடா. வழி புகுந்தார் என்றால் கிளம்பினார் என்று அர்த்தம், நடந்து போகிறார் என்று அர்த்தம். விடியற்காலையில் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காலில் ஏதோ ஒரு தழையைக் கட்டிக்கொண்டு, உப்புக்காரர்களுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "என் மகன்கிட்ட போறேன், எவன் தடுப்பான் பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். அதைத்தான் எழுதினேன்.

தெரியும், தெரியும், நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரியும். நான் அப்பாவோடு உட்கார்ந்து எத்தனை செத்தவர் கிண்ணத்தில் அதே வார்த்தையை வரைந்திருக்கிறேன், எழுதும்போது கை தானாக அதை எழுதிவிட்டது. ஓலைக்காரன் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆனால் நீயும் ஒரு தடவை யோசித்திருக்கலாமே? எப்போது, என்ன ஆயிற்று, எங்கே வைத்தோம் என்று ஒரு வார்த்தை எழுதாமல் தகப்பன் சாவை எழுதுவேனா? யோசிக்க உனக்கு மனசில்லை. அவர் செத்திருக்க வேண்டும் என்று இருந்தது, செத்துவிட்டார் என்று படித்தாய்.

இல்லை, இதை இப்படி எழுதக் கூடாது. நீ அழுதிருக்கிறாய், எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு எதை எழுதுவது என்றே தெரியவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். அவர் எங்கே? இத்தனை நாளில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் நீ அந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய். வழியில் எங்காவது விழுந்து கிடக்கிறாரா? உப்புக்காரர்கள் இவருக்காக மெதுவாகவா நடப்பார்கள்?

இதைப் படித்ததும் கிளம்பு. ஆற்றுமுனைச் சாலையில் எதிரே நடந்து போய்ப் பார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, தரையைத் தோண்டி அந்தப் பாயை எடு. உயிரோடு இருக்கிறவரைப் புதைத்து வைத்த தரை மேல் என் தம்பி குழந்தைகள் விளையாடக் கூடாது.

சக் நிக்


ஆமைக்குளம்
மூன்றாம் சுவென் நாள், ஷூல் மாதம் ஒன்பது

அக்கா,

கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். முதலில் மூச்சு விடு.

நான் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. நம் சோளக்கொல்லையின் கடைசியில் இருக்கிற காவல் குடிசையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் தாங்காமல் நடுவழியில் யாரோ ஒரு சுண்ணாம்பு சுடுகிறவன் வீட்டில் தங்கிவிட்டு வந்திருக்கிறார். உப்புக்காரர்கள் இந்தத் தடவை நம் பக்கம் வராமலே வேறு வழியில் போய்விட்டார்களாம். கொல்லைப்பக்கம் வந்ததும் கூக்கின் மருமகள் அவரைப் பார்த்துவிட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இவர், "ஏம்மா, நான் என்ன புலியா?" என்று கத்தியிருக்கிறார். பேயின் குரலைக் கேட்டால் நிற்பாளா அவள்? நல்ல வேளை, அவள் மசக்கைக்காரி, வெயிலில் கண் மயங்கியிருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

நான் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "எந்தக் கிண்ணம்?" என்றார். கொக்குக் கிண்ணம் என்றேன். "அட நாசமா போறவனே, அதுலயா ஓட்டை போட்ட? வேற கெடைக்கலயா?" என்றார். யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள், என்ன சாப்பாடு என்று ஒன்று விடாமல் கேட்டார். கூக் அழுததைச் சொன்னபோது மட்டும், "அவனா?" என்றார். பிறகு, "சரி, வா, வீட்டுக்குப் போலாம். உனிவ் கையால சோள உருண்டை தின்னு எத்தனை நாளாச்சு" என்று எழுந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்போ என் வீட்டுக்கு நான் போக முடியாதா?" என்றார்.

அக்கா, நான் என்ன சொல்வது? கொடிக்காரர் தன் கையால் மண் தள்ளியிருக்கிறார். ஊர் முன்னால் பேசிய வார்த்தையைத் திருப்பிக்கொள்கிற மனுஷனா அவர்? ஏமாற்றினேன் என்பார். பொய்த் தரை வைத்தவனைச் சுண்ணாம்பு மேட்டுக்குக் கூட அனுப்ப மாட்டார்கள், ஊரை விட்டே அனுப்புவார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரிந்தவன் எழுத்தைத் தப்பாகப் படித்தேன் என்றால், எவன் நம்புவான்? கூக்கா?

உனிவ் மறைத்து மறைத்துச் சாப்பாடு கொண்டு போகிறாள். திரும்பி வரும்போது கண் வீங்கியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் ஒருவர் முகம் பார்க்க முடியவில்லை. நாய் குரைத்தால் எல்லோரும் எழுந்துவிடுகிறோம். அவரைத் திரும்ப உன்னிடமே அனுப்பிவிடவா? அடுத்த முறை உப்புக்காரர்கள் வரும்போது விடிவதற்குள் கிளப்பிவிடலாம். அங்கே அவர் அவராகவே இருக்கலாம். யோசித்துச் சீக்கிரம் எழுது. என்னால் முடியவில்லை.

எக் மோ


ஆற்றுமுனை
பதினோராம் கவாக் நாள், ஷூல் மாதம் பதினேழு

எக் மோ,

அனுப்பாதே. அனுப்பினால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். தோக் வாங்கிக்கொள்வார், கூழும் காய்ச்சுவார், நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

கடைசியில் உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாயே. இறந்துபோனவரைப் பற்றிக் கேட்டாய், இருக்கிறவரைப் பற்றிச் சொல்கிறேன். உன் கடிதத்தை, அந்த வெட்கமாக இல்லையா கடிதத்தை, படித்துக் காட்டினேனா? நான் உன்னைத் திட்டினேன். அவர் திட்டவில்லை. சின்னவளுக்குப் பேதி என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இராத்திரி பூராவும் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் வழியை மறித்துக்கொண்டு நின்றபோது சொன்னார்: "நடந்தா செத்துருவேன்னு சொல்றியா? நல்லதா போச்சு. போய் அங்க விழறேன். நான் அந்தத் தரையில விழுந்தாதான் அந்தப் புள்ள தண்ணி குடிக்கும்."

உனக்குச் சாவைக் கொடுக்கத்தான் அந்தக் காலோடு அவர் நடந்து வந்தார். வந்து பார்த்தால் நீ அதை முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டாய். இப்போது உயிர் மட்டும் மிச்சம் இருக்கிறது, அது உனக்குத் தொந்தரவாக இருக்கிறது.

போய்க் கொடிக்காரர் காலில் விழு. தரையைத் திற. குடும்பத்தோடு இங்கே வந்துவிடு, எங்கள் முற்றத்தில் இரண்டு பக்கம் காலி. என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அவரைக் கொல்லைக் குடிசையில் வைத்துத் திருட்டுச் சாப்பாடு போடாதே. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ எழுதுகிற வரைக்கும் இறங்காது.

சக் நிக்


ஆமைக்குளம்
பத்தாம் கான் நாள், மோல் மாதம் இரண்டு

அக்கா,

எழுதத் தாமதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் தூரிகையை எடுப்பேன், யாராவது வாசலில் வந்து நிற்பார்கள், வைத்துவிடுவேன்.

உன் கடிதம் வந்த அன்றே கொடிக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டேன். நான் கோழை என்று நீ எழுதவில்லை, அதை நானே எழுதிக்கொள்கிறேன்.

நான் செய்யாததை அவரே செய்தார். வெளியூர் ஆட்களை முற்றங்களுக்குப் பிரிக்கிற நாள் வந்தது. பாய் வீட்டு முன்னால் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரவர் பாயில். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கூக் என் விலாவில் இடித்தான். நிமிர்ந்து பார்த்தால், வரிசையின் கடைசியில், தலையில் ஒரு கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். என் உயிர் போய்விட்டது.

ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொன்னார்கள். அவர் முறை வந்தது. கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"பேரு?" என்றார் கொடிக்காரர். தலையைத் தூக்காமல் கேட்டவர், தூக்கினார். தூக்கினவர் அப்படியே இருந்தார். முப்பது வருஷம் இரண்டு பேரும் அடுத்தடுத்த பாயில் உட்கார்ந்தவர்கள்.

"பேரெல்லாம் ஊரோட எரிஞ்சு போச்சுங்க" என்றார் அப்பா.

"யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. இப்ப அவங்களுக்கு நான் இல்ல."

கொடிக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை, அக்கா. அப்பாவின் முழங்காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கடைசியில் அவர் கோலைத் தரையில் தட்டினார். "தூன் அயின் முற்றத்துல தெற்குப் பக்கம் காலியா இருக்கு. பெரியவர் அங்க இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆள் எழுந்தான்.

ஆக, அப்பா தன் முற்றத்திலேயே குடிவந்த ஆளாக இருக்கிறார். வான்கோழிப் பட்டியைப் பிரித்துக் கூரை போட்டோம். காலையில் எல்லோரும் கிழக்கு வீட்டுக்குக் குங்கிலியம் காட்டும்போது குடிவந்தவரும் வந்து கும்பிட வேண்டும், முறை அது. வருகிறார், கும்பிடுகிறார். "உங்க பெரியவரு ரொம்பப் புகை கேக்கறாரு, கண்ணு எரியுது" என்கிறார். உனிவ் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே போய் அழுகிறாள். குழந்தைகள் விஷயத்தில்தான் பயந்தேன். அவர்கள் தாத்தா என்கிறார்கள், எந்தக் கிழவனையும் தாத்தா என்று கூப்பிடலாம், அது ஒன்று நல்லதாகப் போயிற்று. எனக்குத்தான் வழியில்லை. அப்பா என்று ஊரில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அவரை நான் புதைத்துவிட்டேன். பெரியவரே என்று கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறார்.

போன வாரம் கேட்டார்: "நெஜமாவே நான் போனா எங்கடா வைப்ப? குடிவந்தவனைக் கிழக்கு வீட்டுல வெக்க விடுவாங்களா?" அதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

குடிவந்தவர்கள் தண்ணீர் வரிசையில் கடைசி. அப்பா தினமும் தன் குடத்தைத் தானே கொண்டுபோவார், நான் எடுத்தால் ஊர் பார்க்கும் என்று விட மாட்டார். நேற்று நான் நான்காவது இடத்தில் நிற்கிறேன், அவர் கடைசியில். குளம் வற்றிப் படியெல்லாம் பாசி. பின்னால் யாரோ சறுக்குகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவருடைய கெட்ட கால் மடங்குகிறது, குடம் கையை விட்டுப் போகிறது.

"அப்பா!" என்று கத்திவிட்டேன்.

குளம் முழுக்கக் கேட்டது. ஆமைக்குளத்தில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். அப்பா படியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார், பயந்துபோன பார்வை. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

எனக்கு முன்னால் நின்ற கிழவி தன் குடத்து வாயை ஊதினாள். இன்னொருவன் வானத்தைப் பார்த்து, மேகம் ஏதாவது தெரிகிறதா என்றான். எனக்குப் பின்னால் கூக் நின்றிருந்தான். அவன் வரிசையை விட்டு இறங்கிப் போனான். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். குடத்தை எடுத்துத் துடைத்தான்.

"பெரியவரே, முன்னால வாங்க" என்றான். "நீங்க குடியிருக்கிற முற்றத்துல செத்தவரு எனக்கு வேண்டப்பட்டவரு."

"அப்படியா? நல்ல மனுஷனோ?" என்றார் அப்பா.

"யாரு சொன்னது? வாய் இவ்ளோ நீளம். ஆனா அவர் இல்லாம நல்லாவே இல்லை."

வரிசை ஒதுங்கி வழி விட்டது. அப்பா ஒவ்வொருவராகத் தாண்டி என்னிடம் வந்து நின்றார். நான் குடத்தை வாங்கித் தண்ணீர் மொண்டேன். கொடுக்கும்போது, "பாத்துப் போங்க, அப்பா" என்றேன். இந்த முறை தெரிந்தேதான் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எக் மோ